நூத்திப்பத்துக் குழி

கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகர்ந்துக்குங்க தம்பி. எனக்கு முட்டி மடங்காது, காலை இப்படி வழியில நீட்டித்தான் வச்சுக்கணும். தஞ்சாவூரா? நானும் அங்கதான். பதினோரு மணிக்கு ஒரு டாக்டரம்மா முன்னாடி போய் உட்காரணும். எனக்கு வியாதி இல்ல. வியாதி என் மருமகனுக்கு. பேச வேண்டியது நான்.

சிரிக்காதீங்க. அப்படித்தான் வழக்கமாம். இந்த மாதிரி வியாதிக்கு வியாதிக்காரன் சொன்னா மட்டும் போதாது, கூட இருந்து கண்ணால பார்த்தவங்க சொல்லணுமாம். நான் சொல்றதை அந்த அம்மா எழுதி மேல அனுப்புவாங்க. எழுத்து சரியா இருந்தா பட்டாளத்துச் செலவுல அவனுக்குக் கட்டில், மருந்து, எல்லாம் ஓடும். இல்லைன்னா வர்ற வெள்ளிக்கிழமை கட்டிலைக் காலி பண்ணிட்டு வீட்டுக்கு வரணும். வீட்டுக்கு வந்தா என்ன ஆகும்னு பிறகு சொல்றேன். மொதல்ல டிக்கெட்டை வாங்கிக்கிறேன்.

என் பேரு வைரக்கண்ணு. ஊரு ஈச்சங்கரம்பை, பட்டுக்கோட்டைக்குத் தெக்க. படிப்பு மூணாம் வகுப்பு. மூணாம் வகுப்பு வாத்தியார் அடிச்ச அடியில நாலாம் வகுப்பு எனக்கு வேணாம்னு வந்துட்டேன். ஆனா காது சுத்தம். ஒருத்தன் எந்த ராகத்துல பேசுறான்னு கேட்டே ஆளை எடை போட்டுருவேன். இந்த ரெண்டு வருஷத்துல நான் எடை போட்ட ஆளுங்களைச் சொன்னேன்னு வைங்க, ஒரத்தநாடு வர்றதுக்குள்ள நீங்களே காறித் துப்பிருவீங்க.

மருமகன் பேரு நாடிமுத்து. அசல் ஆளு இல்ல, என் கூடப்பிறந்த தங்கச்சி மகன். அவ போய்ச் சேர்ந்த பிறகு என் வீட்டுச் சோத்துலதான் வளர்ந்தான். பத்தொன்பது வயசுல பட்டாளத்துக்குப் போனான், நாலு வருஷம் கழிச்சு லீவுல வந்தவனுக்கு என் மக செந்தாமரையைக் கட்டிக் கொடுத்தேன். பட்டாளத்துக்காரன் மாமனார்னா ஊர்ல என்ன மரியாதைங்கிறீங்க! அவன் லீவுக்கு வர்றான்னு தெரிஞ்சா டீக்கடையில எனக்கு எழுந்திரிச்சு இடம் விடுவானுக. என்மேல இருந்த பாசம்னா நினைக்கிறீங்க? அவன் பெட்டியில இருக்கிற ரம்மு மேல இருந்த பாசம்.

பதினேழு வருஷம் இருந்தான். கடைசியா இருந்தது பனிமலையில. கூட வேலை பார்த்த ஒரு மலையாளத்துப் பிள்ளைதான் ரயில்ல துணைக்கு வந்து இவனை வீட்டுல விட்டுட்டுப் போனான். சோறு போட்டு உட்கார வச்சுக் கேட்டப்ப அவன்தான் விஷயத்தைச் சொன்னான். மலை மேலேருந்து பனி சரிஞ்சு கூடாரத்தை மூடிருச்சாம். உள்ள மூணு பேரு. ரெண்டு பேரைப் பொணமா எடுத்துட்டாங்க. மூணாவது ஆளு ஹரீஷ்னு ஒரு வடக்கத்திப் பையன், நாடிமுத்துவோட ஒரே தட்டுல திங்கிறவன். ஆறு நாள் தோண்டியிருக்காங்க, கிடைக்கல. ஏழாம் நாள் போதும், நிறுத்துன்னு ஆர்டர் வந்துருச்சு. எல்லாரும் மண்வெட்டியைப் போட்டுட்டு மேல வந்துட்டாங்க, இவன் வரல. நாலு பேரு சேர்ந்து தூக்கிட்டு வந்தாங்களாம்.

நான் சொன்னேன், "பனிதானே, வெயில் காலத்துல கரையும்போது அவனே மேல வந்துட்டுப் போறான், அதுக்கு எதுக்கு இம்புட்டு"ன்னேன். அந்த மலையாளத்துப் பிள்ளை சோத்துல வச்ச கையை எடுத்துட்டான். பிறகு ஒரு வாய் திங்கல. மீன் குழம்பு தம்பி, கொடுவா மீனு. அவங்க ஊர்க்காரங்களுக்கு நம்ம புளி ஒத்துக்கிறது இல்ல போல.

அப்ப எங்க ஊர் இருந்த இருப்பைச் சொல்லணும். கஜா புயல் அடிச்ச மறு வருஷம். என் தோப்புல நின்ன நூத்திப்பத்துத் தென்னையில ஒண்ணு பாக்கியில்லாம எல்லாம் வேரோட சாஞ்சு கிடந்துச்சு. கிடந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்தவே வருஷம் ஓடிருச்சு. அதுக்கு மேல கன்னு வைக்கணும்னா குழி வெட்டணும். மூணடி நீளம், மூணடி அகலம், மூணடி ஆழம். வெட்டி வெயில்ல ஆறப்போட்டு அதுக்கப்புறம்தான் கன்னு. குழி வெட்ட ஆள் கூப்பிட்டா எவன் வர்றான்? வர்றவனும் ரெண்டு குழி வெட்டிட்டு டீ எங்கேங்கிறான், மூணாவது குழியில உட்கார்ந்து போன் பார்க்கிறான்.

அந்தச் சமயத்துலதான் மாப்ளை வந்து சேர்ந்தது. வந்த ரெண்டு நாள் பேச்சு மூச்சு இல்ல. சுவத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மூணாம் நாள் விடியக்காலம் மண்வெட்டிச் சத்தம் கேட்டு எந்திரிச்சு வந்து பார்க்கிறேன், வாசல்ல நிக்கிறான். கோலம் போடுற இடம். இடுப்பளவு தோண்டிட்டான். செந்தாமரை வாசப்படியில நின்னு வாயைப் பொத்திக்கிட்டு அழுகுறா. ரெண்டு வீடு தள்ளி ஒரு பொம்பளை குடத்தோட நின்னு வேடிக்கை பார்க்குறா.

நான் என்ன செஞ்சிருக்கணும்னு நினைக்கிறீங்க? கத்தினேனா? இல்லவே இல்ல. "மாப்ள, இந்த இடம் சரியில்ல, நம்ம தோப்புல நல்ல இடம் இருக்கு, வா"ன்னு கையைப் பிடிச்சேன். குழந்தை மாதிரி வந்தான் தம்பி. தோப்புல அளவுக்கயிறு பிடிச்சு, குச்சி ஊனி, "இங்க தோண்டு"ன்னேன். தோண்டினான். எப்படித் தோண்டினான்ங்கிறீங்க! நாலு ஆள் ஒரு நாள் பூரா வெட்டுறதை மத்தியானத்துக்குள்ள வெட்டிட்டான். தலை நிமிரல, தண்ணி கேட்கல, பீடி பத்த வைக்கல. பட்டாளத்து உடம்புன்னா பட்டாளத்து உடம்புதான்.

ஒரே ஒரு கொறை. மூணடியில நிறுத்த மாட்டான். நாலடி, அஞ்சடி, ஆளு மறையிற அளவுக்குப் போயிருவான். நான் மேல நின்னு "போதும் மாப்ள, இந்தக் குழி போதும், அடுத்த குழிக்கு வா"ன்னு சொல்லணும். சிலசமயம் காதைத் தரையில வச்சுப் படுத்திருப்பான். "ஹரீஷ், ஹரீஷ்"னு குழிக்குள்ள மெதுவாக் கூப்பிடுவான். நான் பக்கத்துல நிக்கிறவன், எனக்குக் கேட்காமலா? கேட்கும். வேலை செய்யிறவன் வாய்க்குள்ள ஏதாவது முனகுறது வழக்கம்தானேன்னு விட்டுட்டேன். கூடுதல் ஆழத்துக்கு நான் கூலிக்கு ஆள் வச்சு மண்ணைத் தள்ளி மூட வேண்டியதாப் போச்சு, அது வேற.

ரெண்டு மாசத்துல நூத்திப்பத்தும் முடிஞ்சுச்சு.

அதுக்கப்புறம்தான் இந்த ஊர்க்காரனுக புத்தியைப் பார்த்தேன். மானங்கெட்ட பயலுக! ஒருத்தன் வர்றான், "மாமா, கக்கூஸுக்குக் குழி வெட்டணும், மாப்ளையைக் கொஞ்சம் அனுப்புறீங்களா"ங்கிறான். இன்னொருத்தன் ஒரு பொட்டலம் பிரியாணியை நீட்டி நேரா அவனையே கூட்டிட்டுப் போயிட்டான். பதினேழு வருஷம் எல்லையில நின்ன மனுஷன் தம்பி, அவனைக் கொண்டு போய்க் கக்கூஸுக் குழியில இறக்கியிருக்கானுக. டீக்கடையில உட்கார்ந்துக்கிட்டு, "குழி வேணும்னா ஜேசிபி எதுக்கு, நம்ம பட்டாளம் இருக்கு"ன்னு சிரிப்பு வேற. கம்பெடுத்துக்கிட்டுப் போயிட்டேன். "எம் மருமகன் என் தோப்புலதான்டா தோண்டுவான், உங்க பீக்குழிக்கு வேற ஆளைப் பாருங்கடா"ன்னு கேட்டேன். 

என்ன சொன்னீங்க? தோப்புன்னாலும் குழிதானேங்கிறீங்களா? தம்பி, தோப்பு யாருக்கு? நாளைக்கு எனக்கப்புறம் அவனுக்கும் அவன் பொண்டாட்டிக்கும்தானே? சொந்தத் தோப்புல பாடுபடுறதும் எவன் வீட்டுக் கக்கூஸுக்கோ வெட்டுறதும் ஒண்ணா?

செந்தாமரை ஆரம்பத்துலேருந்து ஒரே பாட்டுத்தான். "அப்பா, அவரு தூங்குறதே இல்ல. நகம் பேந்து வெரல்ல ரத்தம் வருது. டாக்டர்கிட்ட காட்டணும்." எந்த டாக்டர்கிட்டன்னா, மனசுக்குப் பார்க்கிற டாக்டராம். எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆனாலும் மக அழுகுறாளேன்னு கூட்டிட்டுப் போனேன். எந்த டவுனுன்னு கேட்காதீங்க, எதுக்கு வம்பு. பட்டாளத்துலேருந்து வந்தவங்களுக்குன்னு ஒரு ஆஸ்பத்திரி. விடிய நாலு மணிக்குப் பஸ் ஏறி ஆறரைக்குப் போய் வரிசையில நின்னோம். எட்டரைக்கு டோக்கன் கொடுத்தான். பத்து மணிக்குக் கண்ணாடிக் கூண்டுக்குப் பின்னாடி ஒரு பய வந்து உட்கார்ந்தான். காதுல ஒரு வயரு. கார்டை வாங்கி மெஷின்ல தேய்ச்சான், ஏறல. சட்டையில துடைச்சுத் தேய்ச்சான், ஏறுச்சு. அவ்வளவுதான் அவன் பார்த்த வைத்தியம்.

"என்ன கம்ப்ளைண்ட்?"னான். செந்தாமரை அந்தச் சின்ன ஓட்டையில வாயை வச்சு, "தூக்கமில்ல சார், மனசு சரியில்லாம..."ன்னு மெதுவாச் சொன்னா. அந்தப் பய வயரைக் கழட்டிட்டு, "சத்தமாச் சொல்லும்மா. என்ன, மென்டலா?"ன்னான். பெஞ்சுல முப்பது பேரு. முப்பது தலையும் திரும்புச்சு. அதுல மூணு தலை எங்க பக்கத்து ஊருத் தலை.

விடுவேனா? நான் முன்னாடி போய் நின்னு, "இல்ல சார், இடுப்பு வலி. பட்டாளத்துல மூட்டை தூக்குனது"ன்னுட்டேன்.

சட்டுனு எலும்பு டாக்டருக்குச் சீட்டுப் போட்டான். நாங்களும் மூணு தடவை எலும்பு டாக்டரைப் பார்த்தோம். படம் புடிச்சாங்க. எலும்பு எல்லாம் இரும்பு மாதிரி இருக்குன்னாங்க. இடுப்புக்கு ஒரு பெல்ட்டும் கொடுத்தாங்க. நல்ல பெல்ட்டு, சும்மா சொல்லக்கூடாது. அதைக் கட்டிக்கிட்டு இன்னும் வேகமாத் தோண்டுனான்.

எனக்கு ஆத்திரம் எதுலன்னா, அந்தக் கண்ணாடிக்கூண்டுப் பய மேலதான். ஒரு பொம்பளை குனிஞ்சு ரகசியமாச் சொல்றாளே, ஒரு காரணம் இருக்கும்னு தெரிய வேணாம்? முப்பது பேரு முன்னாடி மென்டலான்னு கேட்டா, எந்த மானஸ்தன் தம்பி ஆமாம்பான்? அவன் மட்டும் மெதுவாக் கேட்டிருந்தா என் மருமகனுக்கு அன்னைக்கே வைத்தியம் கிடைச்சிருக்கும். அவன் வாய்தான் ஒன்றரை வருஷத்தைத் தின்னுருச்சு.

பிறகு செந்தாமரை எனக்குத் தெரியாமத் தனியாப் போயிருக்கா. மனசு டாக்டர் மாசத்துல முதல் வியாழக்கிழமைதான் வருவாருன்னாங்களாம். முதல் வியாழன் போனா லீவு. அடுத்த மாசம் போனா அவரு மாத்தலாயிட்டாரு, புது ஆளு இன்னும் போடலையாம். வெளி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுங்கன்னு கேட்டா, அதை மனசு டாக்டர்தான் எழுதணுமாம். எப்படி இருக்கு? இல்லாத டாக்டர் கையெழுத்துப் போட்டாத்தான் இருக்கிற டாக்டரைப் பார்க்கலாம். இதை எவன் யோசிச்சிருப்பாங்கிறீங்க? நாலு மெத்தப் படிச்சவங்க உட்கார்ந்து, டீ குடிச்சு யோசிச்சிருக்கணும். மூணாம் வகுப்புக்காரனுக்கு இது தோணவே தோணாது.

எங்க பக்கம் முன்னாள் பட்டாளத்துக்காரங்களுக்கு ஒரு சங்கம் இருக்கு. தலைவரு சுபேதார் மதியழகன். ரிட்டயர் ஆகி இருபது வருஷம், மீசை மட்டும் இன்னும் சர்வீஸ்ல இருக்கு. அவருகிட்ட போனோம். செந்தாமரை ஒரு பேப்பரைக் கொடுத்து, சங்கத்து மூலமா ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்க ஐயான்னு கேட்டா. அவரு மீசையைத் தடவிட்டு, "எங்க ரெஜிமெண்ட்ல எவனுக்கும் இந்த வியாதி கிடையாதும்மா. இது பொம்பளைங்களுக்கு வர்றது"ன்னாரு. நாடிமுத்து பக்கத்துலதான் நிக்கிறான், கேட்டுக்கிட்டு. "நான் பார்க்காத சாவாடா? ரெண்டு பெக்கைப் போட்டுட்டுப் படுடா சிப்பாய்"ன்னு முதுகுல ஒரு தட்டுத் தட்டினாரு.

திரும்பி வர்ற வழியில மாப்ளை ஒரே வார்த்தை பேசினான். "அவரு கையும் நடுங்குது மாமா, பார்த்தீங்களா?"ன்னான். நான் பார்க்கல. கிளாஸுல ஊத்தும்போது நடுங்குறதைப் பார்த்திருக்கேன், அது வேற நடுக்கம்னு நினைச்சுக்கிட்டேன். அந்த ஆளு சுதந்திர தினத்தன்னைக்கு நாடிமுத்துவைக் கூப்பிட்டுக் கொடி ஏத்தச் சொல்லி மாலை போட்டாரு. மாலை போடுறதுக்கு வர்ற கை, ஒரு கடுதாசியில கையெழுத்துப் போட வரல. தூ.

செந்தாமரை விடல. பத்தாவதுதான் படிச்சிருக்கா, ஆனா பிடிச்சா உடும்புப்பிடி, என்னைய மாதிரி. வெளி ஆஸ்பத்திரியில வைத்தியம் வேணும்னு தானே எழுதி மேல அனுப்பிட்டா. விசாரிக்க ஒரு ஆளு வர்றதா பதிலும் வந்துச்சு. என்கிட்ட சொல்லல. சொல்லியிருந்தா நான் தயாரா இருந்திருப்பேன்ல? அதுவும் அவ தப்புத்தான். அன்னைக்கு அவ ரேஷன் கடைக்குப் போயிருந்தா.

மோட்டார்சைக்கிள்ல ஒருத்தன் வந்து இறங்கினான். கையில பைலு. "நாடிமுத்து வீடா? நீங்க யாரு?"ன்னான். "மாமனாரு"ன்னேன். நாற்காலி போட்டு, காபி கொடுத்தேன். "மருமகன் எப்படி இருக்காரு?"ன்னு கேட்டான்.

நீங்களே சொல்லுங்க தம்பி. முன்ன பின்ன தெரியாத ஒருத்தன் வீடு தேடி வந்து மாப்பிள்ளை எப்படின்னு கேட்கிறான். நம்ம பக்கத்துல அதுக்கு என்ன பதில் சொல்வோம்? மாப்பிள்ளை சரியில்லைன்னு சொல்றவன் மாமனாரா? குடிச்சிட்டு ரோட்டுல கிடந்தாலும் "அசதியில படுத்திருக்காரு"ன்னுதானே சொல்வோம்? நானும் நாலு வார்த்தை நல்லதாச் சொன்னேன். "அவனுக்கென்ன சார், சிங்கம். பத்து ஆளு வேலையை ஒத்த ஆளாப் பார்க்கிறான். வாங்க, காட்டுறேன்"ன்னு தோப்புக்கே கூட்டிட்டுப் போனேன். வரிசை வரிசையா, நூலு பிடிச்ச மாதிரி, ஒவ்வொரு குழியிலயும் கன்னு தலை தூக்கி நிக்குது. "அம்புட்டும் அவன் வெட்டுனது"ன்னேன். அந்த ஆளு மலைச்சுப் போயிட்டான். "இந்தக் காலத்துல இப்படி ஒரு உழைப்பாளியா"ன்னான். எனக்குப் பெருமை தாங்கல. பைல்ல கையெழுத்துப் போடச் சொன்னான். வைரக்கண்ணுன்னு முழுசா, ஒரு எழுத்து விடாம போட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சு கவரு வந்துச்சு. செந்தாமரை பிரிச்சு வாசலிலேயே நின்னு படிச்சா. "மேற்படி நபர் நல்ல உடல் வலுவுடன் கடினமான விவசாய வேலைகளைத் தனியாளாகச் செய்து வருவதாகக் குடும்பத்தினரே தெரிவித்துள்ளதால், கோரிக்கையை ஏற்க இயலாது." குடும்பத்தினரேங்கிற இடத்துல நிறுத்திட்டு என்னைப் பார்த்தா. பார்த்துக்கிட்டே இருந்தா.

நான் அந்த மோட்டார்சைக்கிள் பயலைத் திட்டினேன் பாருங்க, வாயில வராத வார்த்தை இல்ல. என் வீட்டுக் காபியைக் குடிச்சிட்டு, நான் சொன்னதை அப்படியே எழுதியிருக்கான் தம்பி! ஒருத்தன் சொல்றதை அப்படியே எழுதுறதுக்கா அவனுக்குக் கவர்மெண்டு சம்பளம்? அதுல எது மெய்யி, எது மரியாதைக்குச் சொல்றதுன்னு பிரிச்சு எழுத வேணாம்? நாக்கு உள்ளவன் நாலு சொல்வான். பேனா பிடிச்சவனுக்கு அறிவு வேணும்.

அதுலேருந்து என் மக என்கூடப் பேசுறதை விட்டுட்டா. சோறு போடுவா. தட்டு வரும், பேச்சு வராது.

அதோ, ஒரத்தநாடு வந்துருச்சு. கூட்டத்தைப் பாருங்க, ஏறுறதுக்கே அடிச்சுக்கிறானுக. இருங்க, காலை உள்ள இழுத்துக்கிறேன்.

எங்க விட்டேன்? ஆமா. போன மாசம். வடக்கால ஒரு துண்டுக் கொல்லை சும்மா கிடந்துச்சு. அதுலயும் பத்துக் கன்னு வச்சுட்டா என்னன்னு தோணுச்சு. நூத்திப்பதினொண்ணாவது குழி. உச்சி வெயிலு. அந்த இடம் மணலுன்னு எனக்குத் தெரியும், எங்க அப்பா காலத்துலேருந்து தெரியும். மூணடியில நிறுத்திரலாம்னு நினைச்சேன். ஒரு சோலியா வீடு வரைக்கும் போயிட்டு வந்து பார்க்கிறேன், குழியைக் காணோம். மண்ணு சரிஞ்சு மூடிருச்சு. மண்வெட்டிக் காம்பு மட்டும் ஒரு சாண் நீட்டிக்கிட்டு நிக்குது.

கத்துனேன். செந்தாமரைதான் முதல்ல ஓடியாந்தா. மண்வெட்டி போட்டா மேல பட்டுருமேன்னு ரெண்டு பேரும் கையாலயே அள்ளினோம். அக்கம்பக்கத்து ஆளுங்களும் வந்துட்டாங்க. நான் கம்பெடுத்து விரட்டுனேன்னு சொன்னேன்ல, அதே பயலுகதான். அவனுகளும் கையாலயே அள்ளினானுக. தலை தெரிஞ்சுச்சு. மூக்குல வாயில மண்ணு. துடைச்சு விட்டா, மூச்சு இருக்கு. கண்ணைத் திறந்து பார்த்தான்.

அழுவான்னு நினைச்சேன். கத்துவான்னு நினைச்சேன். அவன் என்னைப் பார்த்து, "மூடிருங்க மாமா. இங்க நல்லாருக்கு"ன்னான்.

ரெண்டு வருஷத்துல அவன் மூஞ்சி அப்படித் தெளிவா இருந்து நான் பார்க்கல தம்பி.

செந்தாமரை ஓடிப் போய் ஒரு வேனைப் பிடிச்சா, மண்ணோட மண்ணா அவனை ஏத்தினா, நேரா தஞ்சாவூரு. என்னை ஏறச் சொல்லல. ஆஸ்பத்திரியில சண்டை போட்டு அந்த டாக்டரம்மாவைப் பார்த்து, கட்டில் வாங்கிட்டா. இருபத்திமூணு நாளாச்சு. ராத்திரி தூங்குறானாம். இட்லி கேட்டு வாங்கித் திங்கிறானாம். நேத்து எனக்குப் போன் பண்ணினா. நாலு மாசம் கழிச்சு என்கிட்ட பேசுறா, என்ன பேசுறாங்கிறீங்க? "அப்பா, நாளைக்குப் பதினோரு மணிக்கு வரணும். எப்ப ஆரம்பிச்சுச்சு, என்னென்ன செஞ்சாருன்னு டாக்டரம்மா கேட்பாங்க. குழியைச் சொல்லணும். எல்லாக் குழியையும் சொல்லணும். பெருமை பேசறதா இருந்தா பஸ் ஏறாதீங்க." வச்சுட்டா.

பெத்தவன்கிட்ட பேசுற பேச்சைப் பார்த்தீங்களா? ஏறிட்டேன். ஏறாம?

சொல்றதுக்கு என்ன, சொல்லிருவேன். விடிய எந்திரிச்சு மாட்டுக்கிட்ட சொல்லிப் பார்த்தேன், கோர்வையா வந்துச்சு. இப்ப வேணும்னா நீங்கதான் டாக்டரம்மான்னு வச்சுக்குங்க. சொல்லவா? கேளுங்க. "அம்மா, எம் மருமகன் மனசு ஒடிஞ்சு வந்தான். தோண்டிக்கிட்டே இருந்தான். வேற எதுலயும் நாட்டமில்ல. எப்படித் தோண்டுவான்ங்கிறீங்க, நாலு ஆளு ஒரு நாள் வேலையை மத்தியானத்துக்குள்ள முடிச்சிருவான், நூத்திப்பத்துக் குழி, ரெண்டே மாசம், ஒத்த ஆளா, எங்க வட்டாரத்துலயே இப்படி ஒருத்தன்..."

ம். தெரியுது. நீங்க பார்க்கிறதுலயே தெரியுது.

இந்த வாய் இருக்கே, இதுக்கு ஒரே ஒரு பாதைதான் தெரியும். சரி, நானாப் பேசினா அங்கதான் போகுது. நீங்க கேளுங்க. கேட்டா பதில் சொல்றேன். கேளுங்க தம்பி, சும்மா.

எப்ப ஆரம்பிச்சுச்சா? வந்த மூணாம் நாளு. வாசல்ல.

அப்ப நீங்க பார்த்தீங்களாவா? பார்த்தேன். நான்தான் பார்த்தேன்.

வியாதின்னு உங்களுக்கு எப்ப தெரிஞ்சுச்சுன்னா கேட்கிறீங்க?

இது அந்த அம்மா கேட்க மாட்டாங்க. படிச்சவங்க இப்படிக் கேட்க மாட்டாங்க.

கேட்பாங்களா?

கோலம் போடுற இடத்துல தென்னம்பிள்ளை வைக்க மாட்டாங்க தம்பி. அது கைக்குழந்தைக்கும் தெரியும். அவன் கண்ணு எங்கேயோ இருந்துச்சு. மாப்ளன்னு கூப்பிட்டேன், திரும்பல. அவன் அம்மா சாகக் கிடந்தப்ப அவ கண்ணு அப்படி இருந்துச்சு. அப்பவே தெரிஞ்சுருச்சு. ஊரு பார்க்குதேன்னுதான் முதல்ல தோப்புக்குக் கூட்டிட்டுப் போனேன், சத்தியமா அதுக்குத்தான். ஊரு கண்ணுல படாம இருக்கட்டும்னுதான். போய்ப் பார்த்தா, நல்லாத் தோண்டுறான். ரெண்டாம் நாளு நானே அளவுக்கயிறை எடுத்துக்கிட்டு முன்னாடி போனேன்.

தோப்புல தோண்ட ஆரம்பிச்ச மூணாம் நாளு அவன் வரமாட்டேன்னு படுத்திருந்தான். யாருக்கும் தெரியாது இது. செந்தாமரைக்கும் தெரியாது. சுவத்தைப் பார்த்துப் படுத்திருந்தான். நான் பக்கத்துல உட்கார்ந்து காதுல சொன்னேன், "தோப்புல இன்னும் தேடிப் பார்க்காத இடம் நிறைய இருக்குடா மாப்ள"ன்னு.

எந்திரிச்சு வந்துட்டான்.

இதெல்லாம் சொல்லணுமா? சொன்னாத்தான் எழுத்து சரியா வருமா?

தஞ்சாவூரு வந்துருச்சு போல, கண்டக்டர் சில்லறை தர ஆரம்பிச்சுட்டான். அந்தா, போனு அடிக்குது, அவதான். எடுக்கல. எடுத்தா, "எங்கப்பா வர்றீங்க"ன்னு கேட்பா, நான் அவகிட்ட ஏதாவது சவடாலாப் பேசிருவேன். வாசல்ல அவ நிப்பா, அவளைத் தாண்டித்தான் உள்ள போகணும். நிக்க மாட்டேன். கும்பிடு போட்டுட்டு நேரா அந்த அம்மா ரூமுக்குள்ள போயிருவேன். போய், அவங்க கேட்கிறதுக்கு முன்னாடியே அவன் காதுல சொன்ன அந்த மூணாம் நாளைச் சொல்லிருவேன். சொல்லிட்டா மிச்சமெல்லாம் தானா வந்துரும்ல?

செந்தாமரை வெளியே நிக்கட்டும்னு கேட்கலாம்னு நினைச்சேன். வேணாம். அவளும் உள்ள இருக்கட்டும். கதவை மட்டும் சாத்திரச் சொல்றேன்.

கையைக் கொடுங்க தம்பி, படி உசரமா இருக்கு. விட்டுறாதீங்க, நான் இறங்கிக்கிறேன்.